நூறு தகப்பன்மார்

குதிரைப்பாலில் செய்த முதல் குமிஸ் புளித்து மூக்கில் ஏறிய ஜூன் மாதக் காலையில், ஷார்ஷென் எசென்குலை "மாப்பிள்ளே" என்று அழைப்பதை நிறுத்தினார். "தம்பி" என்றார்.

மந்தை மலையிறங்கியதும் ஷார்ஷெனின் மகள் புருல்சாவை எசென்குல் கட்டிக்கொள்வதாகப் பேச்சு. இரு வீட்டாரும் தகப்பன்வழியில் ஏழு தலைமுறையைச் சொல்லிப் பார்த்து, ஒரு பெயரும் பொதுவாக வரவில்லை என்று ஆடும் அறுத்தாயிற்று. வந்திருந்தால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது.

கெடுத்தது எச்சில். வசந்தத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பழங்கால மேய்ப்பர்களின் எலும்போடு மரபணுவை ஒப்பிட, ஆண்களை மட்டும் குழாயில் துப்பச் சொன்னார்கள். தான் கான் வம்சம் என்பது ஊருக்குத் தெரியட்டும் என்று ஷார்ஷென் இரண்டு முறை துப்பினார். நேற்று முடிவு வந்தது. கான் இல்லை. ஷார்ஷெனுக்கும் எசென்குலுக்கும் தகப்பன்வழி ஒன்று.

எசென்குல் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி ஓர் ஆராய்ச்சிக்காரரைப் போனில் பிடித்தான். அந்தப் பொதுத் தகப்பன் செத்து நாலாயிரம் வருஷம் இருக்கும், நடுவில் நூறு தலைமுறைக்கு மேல் என்றார் அவர். ஓடிவந்து அதைச் சொன்னான்.

ஷார்ஷென் அசையவில்லை. "நூறுன்னு யாரு வேணா சொல்லலாம் தம்பி. பேரைச் சொல்லு. பேரில்லாதவன் தகப்பன் கணக்குல வரமாட்டான்."

எசென்குல் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஏழு பேர் உண்மை. எட்டிலிருந்து கணவாய்களின் பெயர், ஓடைகளின் பெயர், செத்துப்போன மல்யுத்தக்காரர்களின் பெயர். எங்கும் திக்கவில்லை. கூடாரத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நூறைத் தாண்டி நின்றான்.

ஷார்ஷெனின் முகம் சிறுத்துப்போனது. நேற்றுப் பிறந்த பயலுக்கு நூறு தகப்பன், தனக்கு வெறும் ஏழா? தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரும் ஆரம்பித்தார். நாற்பது வரை கம்பீரமாகத்தான் போனார். பிறகு பார்வை வாசலைத் தாண்டி வெளியே அலைந்தது. கண்ணில் பட்டதெல்லாம் மூதாதையானது.

"அவனுக்குத் தகப்பன் ஆக்போஸ்..."

புருல்சா தோல்பையில் குமிஸ் கடைவதை நிறுத்தினாள்.

"அப்பா, ஆக்போஸ் நம்ம கறவைக் குதிரை. நாள் குறிக்கிறீங்களா, இல்ல அதுக்கு அப்பன் யாருன்னும் சொல்லப்போறீங்களா?"