கண்ணாடி இல்லாமலே

படம் பார்க்க, செய்தி படிக்க அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கப் போனோம். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள் அம்மா. கடைப்பெண் ஒவ்வொன்றுக்கும் கதையளந்ததில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பேசினது போதும், குடுங்க!"

வெடுக்கென்று வாங்கி, என் மெயில் ஐடியைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி அம்மா கையில் திணித்தேன்.

"படிச்சுப் பாரும்மா, தெரியுதா?"

தேடும் கட்டத்தை அம்மா தொட்டாள். நான் போனில் தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதல் வரி: 'முதியோர் இல்லம் உடனடி சேர்க்கை.'

கடைப்பெண் எங்கேயோ பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாமலே நல்லா தெரியுதுடா," என்றாள் அம்மா. "இதையே வாங்கு. அங்க எனக்குப் பொழுது போகணும்ல?"