ஒப்பிட ஒரு கால்

பேட்டரித் தொழிற்சாலையில் ஈயம் உருக்கி ஓய்வுபெற்ற பெரியவரின் கணுக்காலுக்கு மேலே டாக்டர் எலும்பிலுள்ள ஈயத்தை அளக்கும் கருவியை வைத்ததும் எண் விறுவிறுவென ஏறியது. வேலையை விட்டு எத்தனையோ வருஷம்! எலும்பு பலே கஞ்சன், உள்ளே போன ஈயத்தை விடவே இல்லை. ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டருக்கு மெய்சிலிர்த்தது.

ஈயம் படாத கால் ஒன்றும் வேண்டுமே என்று பெரியவரின் மனைவியை உட்காரவைத்தாள்.

"நான் அந்த ஃபாக்டரி கேட்டைக்கூட தாண்டினதில்லையே டாக்டர்."

"அதனாலதாம்மா கேக்குறேன்."

அங்கேயும் எண் ஏறியது. கருவிக்குக் கோளாறோ என்று டாக்டர் தன் காலில் வைத்துப் பார்த்தாள், அசையவில்லை. அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஐயாவோட வேலை உடுப்பை யாரும்மா துவைச்சது?"

"வேற யாரு? உதறி உதறித்தான் துவைப்பேன்," என்றாள் அந்த அம்மாள் பெருமையாக. "ஒரு பொட்டுத் தூசியோட அவரை அனுப்பினதில்ல."