பிரபுவின் வயலுக்கு மாற்று ஆள்

1974இல் எகிப்திலுள்ள அஸ்வானுக்குப் போய்வந்த பிறகு, வேலுச்சாமி கண்விழிக்கும்போதெல்லாம் அவன் கால்களில் முழங்கால்வரை ஆற்றுச் சேறு ஒட்டியிருந்தது. சவூதியின் அல் கோபாரில் அவன் தங்கியிருந்த கேம்ப்பைச் சுற்றி மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது. கம்பெனி அஸ்வானில் ஒரு பழைய கிரேன் வாங்கி, அதைப் பிரித்து எடுத்துவர ஆட்களை அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவர்கள் படகேறி, நைல் நதியின் மேற்குக் கரைக் குன்றைக் குடைந்து செய்த பிரபுக்களின் கல்லறைகளைப் பார்க்கப் போனார்கள். ஒரு பிரபுவின் கல்லறைச் சுவரில், அவர் வயலில் உழுகிறவர்களும் அறுக்கிறவர்களும் வண்ணம் மங்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தரையிலிருந்த குழிக்குள்ளிருந்து யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அது அவன் பெயரில்லை. ஆனால் தினமும் கேம்ப் வாசலில் பெயர் கூப்பிடும்போது கைதூக்கிப் பழகியவன், அங்கேயும் கைதூக்கி, "இருக்கேன் சார்" என்றான். அன்றுமுதல் தூங்கும் நேரமெல்லாம் பிரபுவின் வயலில் வேலை செய்தான்.

பக்கத்துக் கட்டில் மாயாண்டிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ரெண்டு டூட்டி பாக்குறியே, ஓவர்டைம் கேளுடா. செத்தாலும் மொதலாளி மொதலாளிதான?" என்பான். சூப்பர்வைசர் சேதுராமன் சிரிக்கவில்லை. வேலுச்சாமி எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தான். "மாத்து ஆள் குடுக்காம எந்தக் கஃபீலும், எந்த மொதலாளியும் விடமாட்டான்பா. அங்கயும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

கோடையில் சாரம் சரிந்து மாயாண்டி செத்தான். உடலை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வைத்தார்கள். அடுத்த முறை வயலில் ஆள் கூப்பிட்டபோது, செத்தவனுக்கு இனி என்ன நோவு என்று நினைத்து வேலுச்சாமி தனக்கு மாற்றாக மாயாண்டியின் பெயரைச் சொன்னான். விழித்தபோது கால்கள் உலர்ந்திருந்தன. மாதக்கணக்கில் களைத்திருந்த உடம்பு தேறத் தொடங்கியது.

மாயாண்டியின் சவப்பெட்டியோ விமான நிலையம்வரை போய்ப் போய்த் திரும்பியது. எத்தனை முறை துடைத்து ஆணியடித்தாலும் பலகை இடுக்கில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. ஒழுகும் பெட்டியை ஏற்ற மாட்டோம் என்றார்கள். முதுகுளத்தூரில் மாயாண்டியின் மனைவி சரோஜா பந்தலைப் பிரிக்காமல் காத்திருந்தாள். கடைசியில் கேம்ப் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டாள். வேலுச்சாமிதான் எடுத்தான்.

"ஏண்ணே, செத்த பெறகும் அவுகள விடமாட்டீகளா? மொகத்தயாச்சும் பாக்கணும்ணே."

வேலுச்சாமி ரிசீவரை வைத்தான். அன்று தூக்கத்தில் தானாகவே வயலுக்குப் போய், மாயாண்டியின் பெயரைக் கூப்பிட்டபோது, "அவனுக்குக் கலாஸ் சார், முடிஞ்சுபோச்சு. நான் இருக்கேன்" என்று கைதூக்கினான்.

பெட்டி உலர்ந்து ஊர் போய்ச் சேர்ந்தது. சரோஜா முகம் பார்த்தாள். வேலுச்சாமிக்குச் சேதுராமன் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டுதான் அவன் படுத்தான். காலையில் அவன் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டும்வரை சைட் பஸ்ஸை நிறுத்தி வைப்பது வழக்கமாயிற்று.