தையல்காரர் வெட்டிய கறி

உடைந்த தாடையில் கட்டிய கம்பியை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. எதையும் கடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனாலும் கடித்தால் தாடை மறுபடி விட்டுப்போகும் என்ற பயம் தையல்காரரின் மனைவியை விடவில்லை. சூப்பிலேயே காலத்தை ஓட்டினாள். அப்படிப்பட்டவள் இன்று காலை தானாகவே, "சுடச்சுட மாட்டுக்கறியும் சீஸும் வச்சு ஒரு சாண்ட்விச் கிடைச்சா தேவலை" என்றாள். தையல்காரர் மதியமே கடையைப் பூட்டிவிட்டார்.

கறியை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கினார். அதில் பாதியை எடுத்து, நாடா நாடாவாக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக வெட்டினார். வெங்காயம் சிவந்ததும் கறியைப் போட்டுப் புரட்டி, மேலே சீஸ் பரப்பி மூடினார். வெண்ணெய் தடவிச் சுட்ட பன்னில் அள்ளி வைத்து நீட்டினார்.

அவள் மெதுவாகக் கடித்தாள். கறி அறுபடவில்லை. இழுத்தால் நீளநீளமாகப் பன்னை விட்டு வெளியே வந்தது. தாடை வலித்துக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு சூப்பே போதுங்க."

அவர் பன்னை வாங்கிப் பிரித்தார். இன்று விட்டால் இனி எதையும் இவள் வாயில் வைக்க மாட்டாள். ஒரு துண்டை எடுத்து, துணியைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நார் நெடுக ஓடியது.

"அட, துணி மாதிரி நேர் இழை பாத்து, நீளவாக்குல வெட்டிட்டேன்!"

"கறிக்குமா?"

"முப்பது வருஷப் பழக்கம். கை தானா போயிடுச்சு."

"நல்லவேளை, பட்டனுக்குக் காஜா எடுக்காம விட்டீங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

மீதிக் கறியை எடுத்து நாருக்குக் குறுக்கே வெட்டினார். இழை பார்க்காமல் வெட்டக் கை கூசியது. மறுபடி வாணலி, மறுபடி சீஸ்.

"ஒரே ஒரு வாய். பிடிக்கலைன்னா வச்சிடு."

கொஞ்ச நேரம் பன்னையே பார்த்தாள். பிறகு வலப்பக்கமாகக் கடித்தாள். கறி பொடிப்பொடியாகப் பிரிந்தது. மென்றாள். விழுங்கினாள். எதுவும் விட்டுப்போகவில்லை. அடுத்த வாய் பெரிதாகவே இருந்தது.

"என்னங்க?"

"என்ன, வலிக்குதா?"

"சாப்பிடறது நானு. நீங்க ஏன் வெறும் வாயை மெல்றீங்க?"