ஊதாச் சீட்டு

ஊட்டிய கஞ்சி அத்தாவின் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தபோதுதான் மகள் தெனினுக்கு உறைத்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. கண்களை மூடிவிட்டுத் தாடையைத் துணியால் கட்டினாள். முட்டிக்கொண்டு வந்த அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கினாள்.

விடிந்ததும் அம்மாவை வாக்குச்சாவடிக்கு விரட்டியதே அவர்தான். "ரோட்டுக்குக் கல்லு சுமக்க வச்சே என் முதுக ஒடிச்சானுங்க. ஊதாச் சீட்டப் போட்டுட்டு வா. என் பங்கும் அதுல இருக்கு" என்றார். வெள்ளைச் சீட்டு என்றால் பிரெஞ்சுக்காரனோடு இருப்பது. ஊதா என்றால் கினி தனி நாடு. சாவடியில் இரண்டையும் கையில் கொடுப்பார்கள்; பெட்டியில் ஒன்றைத்தான் போட வேண்டும். கான்கான் நகரமே அன்று வரிசையில் நின்றது.

பெரியத்தா ஃபோதே உள்ளே வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவர் வாய் கோணியது.

"சத்தம் போடாதீங்க பெரியத்தா."

"மையத்த வச்சுக்கிட்டு என்னடி பேசுற?"

"அம்மா வரிசையில நிக்குது. காதுல விழுந்தா ஓடி வந்துரும். வந்தா இத்தா, புருசன் போன துக்கம். நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்ட முடியுமா?"

"ஒரு பொம்பள ஓட்டு இல்லேன்னா நாடு கவுந்துருமாக்கும்."

"ரெண்டு ஓட்டு. அத்தாவோடதும் அதுலதான்."

எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர், கதவைச் சாத்திவிட்டுத் தம்பியின் காலருகே உட்கார்ந்து தாடி நனைய அழுதார், சத்தமே இல்லாமல். பக்கத்து வீட்டுக்காரி வெளியே நின்று எப்படி இருக்கார் என்று கேட்டாள். "தூங்குறான்" என்றார்.

நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்த பிறகுதான் அம்மா வந்தாள். தாடைக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்போ?"

"நீ போன கொஞ்ச நேரத்துல. வேணும்னுதான் சொல்லி அனுப்பல. அடிக்கணும்னா அடிச்சுக்கோ."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே உடைந்தும் போயிற்று.

"கடைசியா என்ன கேட்டாரு?"

"வரிசை நகருதான்னு கேட்டாரு."

அம்மா கைவிரல்களைப் பிரித்தாள். உள்ளே மிஞ்சிய வெள்ளைச் சீட்டு வியர்வையில் கசங்கிக் கிடந்தது. அவர் காதருகே குனிந்தாள்.

"நகந்துச்சு. ஊதாவப் போட்டாச்சு."

பிறகு தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பக்கத்தில் இழுத்தாள்.

"இப்ப அழுவோம்டி."

பெரியத்தா எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார்.