கறுவலைச் சாக்கில் கட்டிய நாள்

நாங்க முஸ்லிம் ஆக்கள், நாயைத் தொடமாட்டம். ஈர மூக்கு சேலையில பட்டாலே, மண் கரைச்ச தண்ணியையும் சேர்த்து ஏழு தரம் கழுவணும். இது ஆரையம்பதியில வயல் காணி வெச்சிருக்கிற வல்லிபுரம் போடியாருக்குத் தெரியாதா? எங்கட காத்தான்குடிக்குப் பக்கத்து ஊரில பிறந்து வளர்ந்த மனிசன்! நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டும், நான் விக்கிற சேலைப் பொட்டணியோட அவர்ட வளவுக்குள்ள நுழையக்குள்ள, அந்தக் கறுவல் நாய் என்ட நெஞ்சில காலைப் போட, "ஒண்டும் செய்யாது ஸைனம்பு, ஆசையில பாயுது" எண்டு சிரிப்பாரு. ஆசையாம்! கிணத்தடியில முதுகு முறியிறது எனக்கெல்லுவா!

நாயில பிழை சொல்ல ஏலாது. போடியார் வயலால வந்தா, ரெண்டு கையையும் விரிச்சு "ஏறடா ராசா" எண்டு கூப்பிடுவாரு. ஏறினாத்தான் கருவாட்டுத் துண்டு. வாற போற ஆக்கள் கத்துவாங்க, கையால தள்ளுவாங்க. அதுக்கு அதுவும் விளையாட்டு. எனக்குத் தள்ளவும் ஏலாதே! கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, நட்ட கட்டை மாதிரி நிப்பன். முகத்தைப் பார்க்கமாட்டன், வாயும் திறக்கமாட்டன். போகப் போகக் கறுவலுக்கு என்னில அலுத்துப்போச்சு. என்னைக் கண்டா எட்ட நிண்டு வாலை மட்டும் ஆட்டும்.

உடனே போடியார் ஊரெல்லாம் கதை கட்டிவிட்டாரு, ஸைனம்பு என்னமோ ஓதி ஊதிட்டாளெண்டு. அஸ்தஃபிருல்லா! நாயைத் தொடவே ஏலாத நான் நாய்க்கு மந்திரம் பண்ணினனாம்!

திருக்கோணமலையில சப்பான்காரன் குண்டு போட்ட வருசம், போடியார்ட மகள் சீதேவிப்பிள்ளை வயித்தில புள்ளையோட இருந்தாள். மாசம் கிட்டிட்டுது. ஒருநாள் நான் போகக்குள்ள முத்தத்தில இருந்து அழுகிறாள். கறுவல் பாஞ்சதில விழப்பார்த்து, வேலியைப் பிடிச்சுத் தப்பினாளாம். போடியார் அதைச் சாக்குக்குள்ள போட்டு வாயைக் கட்டி, தோணிக்குத் தூக்கிக்கொண்டு போயிட்டாரு. வாவிக்கு அங்கால, படுவான்கரைக் காட்டில விடப்போறாராம்.

எனக்கு வந்த கோபம்! பொட்டணியை அப்படியே போட்டுட்டுக் கரைக்கு ஓடினன்.

"போடியார்! அதை மேல ஏறப் பழக்கினது ஆரு? காட்டுக்குப் போறதெண்டா நீங்க போங்க!"

"என்ட மகள் விழுந்திருந்தா?" எண்டு அவரும் கத்தினாரு. "அப்படியெண்டா உன்ட மந்திரத்தை அவளுக்கும் சொல்லிக் குடு. ஒரு நூல் ஓதிக் கட்டு."

"நூலுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. அவிழுங்க சாக்கை!"

சாக்கு உள்ளுக்குள்ள நடுங்குது. போடியார் அதை மணலில இறக்கி வெச்சாரு. பிறகு அவிழ்த்தாரு.

அண்டைக்கே கறுவலைக் கயித்தில கட்டச் சொன்னன். நான் எட்ட நிண்டு ஏச ஏச, சீதேவிப்பிள்ளை கயிறு எட்டாத இடத்தில நிண்டு பழக்கினாள். பாய எழும்பினா முதுகைக் காட்டுவாள், ஒரு சொல்லும் இல்ல. நாலு காலும் நிலத்தில நிண்டாத்தான் கருவாடு. "பாவம் ராத்தா, அழுகுது" எண்டாள். "காட்டில விட்டா இன்னும் நல்லா அழும், நில்லு புள்ள!" எண்டன். அது விளங்கிக்கொண்டுது. மனிசரை விட கெதியா விளங்கிக்கொண்டுது. புள்ளை பிறக்கக்குள்ள கயிறும் இல்ல, பாய்ச்சலும் இல்ல. தொட்டிலடியில சுருண்டு படுத்திருக்கும்.

புள்ளை பார்க்கப் போன அண்டைக்கு, போடியார் கருவாட்டை நீட்டிக்கொண்டு வாசல்ல குந்தியிருந்தாரு. "வாடா ராசா, வா." கறுவல் எழும்பிச்சு. அவரைப் பார்த்துக்கொண்டே, வயித்தை நிலத்தோட ஒட்டி, பின்னுக்குப் பின்னுக்குப் போய் வேலிக்கு வெளிய நிண்டுது.

"பார்த்தியா ஸைனம்பு," எண்டாரு. "எல்லாருக்கும் வாலாட்டுது. என்னை மட்டும் மறந்திட்டுது."

"மறக்கல்ல போடியார்," எண்டன். "மறந்திருந்தா வந்திருக்கும்."