முள் ஏறாத வண்டி

நாலாவது தடவையும் வண்டி நின்றுபோனது. முஃப்லிஹ் ஸ்டீயரிங்கின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டான். சைலன்சரிலிருந்து கிளம்பிய கரும்புகை முற்றத்தைத் தாண்டிப் போய், சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்களின் மூக்கில் ஏறியது. ஒருவர் காப்பிக் கிண்ணத்தோடு எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் ஒரு மெக்கானிக்கிடம், அதுவும் செத்தவளின் கூடப்பிறந்த தம்பியிடம், வண்டி சரியில்லை என்று எவன் போய்ச் சொல்வான்?

உள்ளே அக்கா மஸ்னாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவள், குழாயடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். மகள் துர்ஃபா ஓடிப்போய்த் தூக்குவதற்குள் மூச்சில்லை. ஐம்பத்தெட்டு வயது. ஒருநாள் படுக்கவில்லை, ஒருவருக்கும் பாரமாக இருக்கவில்லை. மதியம் லுஹர் தொழுதவுடன் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"என்னை என் வண்டியிலதான் கொண்டுபோகணும்" என்று துர்ஃபாவிடம் ஒரு முறையல்ல, பத்து முறை சொல்லிவைத்திருந்தாள் மஸ்னா. "ஊர்ல செத்தவங்க மையத்தெல்லாம் அதுல போயிருக்கு. நான் மட்டும் எதுக்கு அடுத்தவன் வண்டியில போகணும்?"

கேட்டது நியாயம்தான். புருஷன் போன மறுவருஷம் நாற்பது ஆட்டை விற்று அவள் இந்த பிக்கப்பை வாங்கினாள். அப்போதே அதற்குப் பத்து வயது. அந்தப் பக்கத்தில் முதன்முதலில் ஸ்டீயரிங் பிடித்த பொம்பளை அவள். பாலைவெளியில் மேயும் ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றிப் போவாள். திரும்பி வந்தால் வாசலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ காய்ச்சல்காரக் குழந்தையோ காத்திருக்கும். இறங்காமலே மஆன் டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புவாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட மாட்டாள்.

அடக்கம் செய்கிற கபர்ஸ்தான் ஊருக்கு வெளியே மேட்டின் மேல் இருந்தது. ஒன்றரை கிலோமீட்டர். தூரம் ஒன்றும் பெரிதல்ல. ஆனால் ஜனாஸா வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும், பின்னால் ஊரே நடந்து வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட்டு ஓட்டினால் இந்த வண்டி ஓடும். மிதியை விட்டுக் காலை எடுத்த மறுநிமிஷம் உதறும், இருமும், நின்றுவிடும். மஸ்னாவை வைத்துக்கொண்டு நடுவழியில் அது நின்றால் முஃப்லிஹ் அப்புறம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பெரியப்பா மகன் தியாப் பக்கத்தில் வந்து நின்றான். நல்ல மனிதன்தான். ஆனால் புது வேன் வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றிப் பேசாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"விடு முஃப்லிஹு. என் வேன் வெளியிலதான நிக்குது? சும்மா வழுக்கிட்டுப் போகும்."

"மையத்தை வழுக்கிட்டா கொண்டுபோவாங்க?"

"அதுக்கில்லடா. மேட்டுல நின்னுடுச்சுன்னா எங்களைத் தள்ளச் சொல்லுவியா?"

"தள்ளு. உன் ரெண்டாவது பொண்ணு இந்த வண்டியிலதான் பொறந்தா. மஆன் ரோட்டுல எங்க அக்கா ஓரம் கட்டி, தன் முக்காட்டக் கிழிச்சுப் பிள்ளையச் சுத்தினா. தள்ளினா நீ ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்ட."

தியாப் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "தள்ளுறேன். தள்ளமாட்டேன்னா சொன்னேன்?" என்றவன் போய் நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தான்.

முஃப்லிஹ் பானெட்டைத் தூக்கினான். தை மாதக் குளிர்க்காற்று கையை மரக்கவைத்தது. பிளக் நாலையும் கழற்றினான். நாலிலும் அடுப்புச் சட்டியின் அடிபோலக் கரி. எஞ்சின் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தான், பெட்ரோல் வாசனை அடித்தது. வேண்டியதைவிட இரண்டு பங்கு பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது வண்டி. இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. எத்தனையோ குளிர்காலமாக இருப்பது. வெயில் காலம் வந்தால் அடங்கும், குளிர் வந்தால் திரும்பும். அவனும் ஒவ்வொரு வருஷமும் எதையாவது மாற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிளக் மாற்றினான், காற்று ஃபில்டர் மாற்றினான், பெட்ரோல் பீச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழுவினான், தண்ணீரின் சூட்டை அளந்து சொல்கிற சென்சாரை இரண்டு தடவை மாற்றினான். எதை மாற்றியும் பத்து நாளுக்குமேல் தாங்கவில்லை.

கடைசியில் அவனுக்குக் கோபம் வந்தது. வண்டிமேல் கோபப்பட முடியுமா, அக்காமேல் பட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் மஆனில் அவன் பட்டறையில், வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி, "தம்பி, இந்த முள் ஏறவே மாட்டேங்குதுடா" என்றாள்.

"சூடு முள் கீழ இருந்தா நல்லதுதான் அக்கா. அல்லாவுக்கு நன்றி சொல்லு."

"நீ அன்னைக்கு உள்ளருந்து ஏதோ..."

"இந்த வண்டிக்கு நோயே நீதான்!" என்று கத்திவிட்டான். "கிளட்சுமேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற. ஆடு மேய்க்கிற மாதிரி வண்டி ஓட்டினா எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். மஸ்னாவும் கொஞ்சம் சிரித்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வண்டியை ரிவர்ஸில் எடுத்து, தெருவில் திருப்பிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் பட்டறைக்கு வரவில்லை. நல்லநாள் பொல்லாதநாளில் பார்த்தால் கன்னத்தில் முத்தமிட்டு விசாரிப்பாள். வண்டியைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கமாட்டாள். அவனும் எடுக்கவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான், பாவி.

பிளக்குகளைத் துடைத்து மாட்டினான். மறுபடி ஸ்டார்ட் செய்து, பட்டறையில் வேலைசெய்யும் மிஸ்பாவை உள்ளே உட்காரவைத்து மெதுவாக ரேஸ் பண்ணச் சொன்னான். இருபது நிமிஷம் ஓடவிட்டான். புகை நிற்கவில்லை. சென்சாரின் வயரைப் பிடுங்கி மீட்டரை வைத்துப் பார்த்தான். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்றது சென்சார். புது சென்சாரும் இதையேதான் சொன்னது, பழையதும் இதையேதான் சொன்னது. இவன்தான் நம்பாமல் தூக்கி எறிந்தான். குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்து வண்டியும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டான். இருபது நிமிஷம் ஓடிய எஞ்சினில் அந்த ஹோஸைத் தொட்டால் கை வெந்துபோக வேண்டும். பச்சைத் தண்ணீர் போலிருந்தது.

அவன் கை அந்த ஹோஸின் மேலேயே நின்றுவிட்டது. ஹோஸ் எஞ்சினைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன மூடி, இரண்டு போல்ட். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி வெயிலில், அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றியது அவன்தான். உள்ளே தெர்மாஸ்டாட் இருக்கும். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற சின்ன வட்டு. அது இல்லாவிட்டால் குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறவே ஏறாது. மஆனில் பட்டறைத் தெருவுக்குள் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக அதைக் கழற்றிக் குப்பைவாளியில் போடுவார்கள். இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த உஸ்தாதும் அப்படித்தான் போட்டார், அவனும் போட்டான். ஒரு வண்டியா இரண்டு வண்டியா, நூறு வண்டிக்குப் போட்டிருப்பான். போட்டதும் மறந்துவிடுவான். புதுசு வாங்கிவர மஆனுக்குப் போய்த் திரும்ப இப்போது நேரமில்லை.

"மாமா."

துர்ஃபா நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முழங்கை வரை நனைந்த சட்டையோடு வந்திருந்தாள், குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். கையில் ஒரு அட்டை வைத்திருந்தாள். பேரீச்சம்பழப் பெட்டியைக் கிழித்து வெட்டிய அட்டை. நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, ஆட்டு ரோமக் கயிறு கோத்திருந்தது.

"இது இல்லாம ஓடாது மாமா. குளிர் காலத்துல வண்டி எடுக்கும்போதெல்லாம் காத்து அடிக்காம ரேடியேட்டருக்கு முன்னாடி அம்மா இதைக் கட்டிக்குவாங்க, திரும்பி வந்ததும் கழட்டி உள்ள வச்சுடுவாங்க. கட்டிட்டா முள் ஏறும், உதறாது, புகையும் வராது."

"நான் பார்த்ததேயில்லையே?"

"நீங்க ஒரு தடவை பிய்ச்சு எறிஞ்சீங்க. எஞ்சினை வேகவைக்கப் பாக்குறியான்னு திட்டுனீங்க. அதுலருந்து உங்க பட்டறை வளைவு வந்ததும் இறங்கி, கழட்டி சீட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டுத்தான் வருவாங்க."

ஆக, அவன் பார்த்த அத்தனை முறையும் அட்டை இல்லாத வண்டியைத்தான் பார்த்திருக்கிறான். தனக்குப் பயந்து, ரோட்டோரத்தில் இறங்கிக் குனிந்து கயிற்றை அவிழ்த்த அக்காவை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். நினைக்க முடியவில்லை.

"தப்பு என்னுதும்மா" என்றான். "உங்க அம்மா ஓட்டுனதுல ஒண்ணும் இல்ல. நான்தான் ஒரு சாமானைக் கழட்டி எறிஞ்சேன். மறந்தே போயிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"நீங்க ஏதோ கழட்டி வாளியில போட்டதைப் பக்கத்துல நின்னு பார்த்தாங்களாம். அன்னையிலருந்துதான் முள் ஏறலைன்னு எங்கிட்ட சொல்லுவாங்க. ரெண்டு மூணு தடவை உங்ககிட்ட சொல்லப் பார்த்தாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. நாலு ஆளு உக்காந்திருக்கிற பட்டறையில பெரிய மெக்கானிக்கைப் போய் நீ தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா, நாளைக்கு அவங்கிட்ட எவன் வருவான்னு கேட்டாங்க."

முஃப்லிஹ் அட்டையை வாங்கினான். ரேடியேட்டர் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கயிறு நாலும் சரியான நீளத்துக்கு, கொக்கியில் மாட்டுகிற மாதிரி முன்னமே முடிச்சுப் போட்டிருந்தது. மாட்ட மட்டும்தான் வேண்டியிருந்தது. அதற்கே அவனுக்கு வெகுநேரம் பிடித்தது, கண் மறைத்தது.

கால் மணி நேரத்தில் முள் அசைந்தது. அரை மணி நேரத்தில் நடுவில் வந்து நின்றது. எஞ்சின் சத்தம் தணிந்து ஒரே சீராக ஓடியது. புகை முதலில் சாம்பலாகி, பிறகு காணாமல் போனது. மிஸ்பா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"என்னடா பண்ண?" என்று தியாப் ஓடிவந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல. எட்டு வருஷமா நான் கெடுத்தேன், அவ ஓட்டிக்கிட்டிருந்தா." இதை அவன் மெதுவாகச் சொல்லவில்லை. சுவரோரம் இருந்த அத்தனை ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அதில் அன்றைக்கு டீ குடித்துச் சிரித்தவன் ஒருவனும் இருந்தான். அவன் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டான்.

லுஹர் முடிந்து மஸ்னாவைக் கிடத்திய சந்தூக்கைப் பின்னால் ஏற்றினார்கள். துர்ஃபா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பெண்கள் அதற்குமேல் வருவதில்லை. முஃப்லிஹ் முதல் கியரில் போட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டான். வண்டி தானாகவே நகர்ந்தது. ஆட்கள் நடக்கிற வேகத்துக்குச் சரியாக நகர்ந்தது. மேட்டில் ஏறும்போது தியாப் பின்கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டே நடந்தான். தள்ள வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

இறக்கியபோதும், குழிக்குள் வைத்தபோதும், ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டபோதும் வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது. ஓடுவது ஒருவருக்கும் கேட்கவில்லை. இமாம் துஆ ஓதினார், எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். கூட்டம் கலைந்து மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியது. மேகம் விலகி நல்ல வெயில் அடித்தது.

தியாப் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தான்.

"வெயில் வந்துடுச்சுடா. இந்த அட்டையக் கழட்டிடவா? எஞ்சின் வெந்துடப் போகுது."

"இருக்கட்டும்" என்றான் முஃப்லிஹ்.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். முள் நடுவில் நின்றது.